ஒலிபெருக்கிக்குள் ஒன்பது நாள்

முன்னாள் மாணவியர் குழுவுக்கும், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இன்று என்னைப் போலவே முட்டிவலித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் தோழிகளுக்கும்,

பள்ளி விழா மலரின் அச்சுப்படி நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். பதினான்காம் பக்கத்தில் என் அம்மாவைப் பற்றி ஒரு பத்தி. "முன்னாள் கல்வி அமைச்சரின் துணைவியாரான இவர், நம் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இடையறாது பணியாற்றினார்." ஒரே வாக்கியம்தான், இரண்டு பிழை.

முதல் பிழை வரிசை சம்பந்தப்பட்டது. அம்மா ஆசிரியை ஆகிப் பதினோரு ஆண்டு கழித்துத்தான் அப்பா அமைச்சர் ஆனார். ஆன வேகத்தில் முன்னாளும் ஆனார். அவரை முன்னால் போட்டு அம்மாவைப் பின்னால் போடுவது பணிமூப்பு விதிக்கே விரோதம். ஆனாலும் இதை விட்டுவிடுகிறேன். நம் ஊரில் துணைவியார் என்ற பதவிக்கு ஓய்வு வயது கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது பிழை "இடையறாது". இதை விட முடியாது. அரசுப் பணியில் பிறர் எழுதிய குறிப்புகளைத் திருத்தியே நான் காலம் தள்ளியவள். இடமாற்றக் கோப்பில் ஒரு கால்புள்ளி தப்பாக விழுந்தாலும் திருப்பி அனுப்பியவள் என்று என்னைத் திட்டியவர்களில் சிலர் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். எனவே ஆட்சேபணையை எழுத்தில் வைக்கிறேன். அம்மாவின் பணியில் மூன்று ஆண்டு இடைவெளி உண்டு. அந்த மூன்று ஆண்டும் அவர் காரைக்காலில் இருந்தார். எப்படிப் போனார் என்று இன்றுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், வாடகை வீடு. அப்பா ஆலைத் தொழிற்சங்கத்திலிருந்து அரசியலுக்கு வந்து, அப்போதுதான் கல்வி அமைச்சர் ஆகியிருந்தார். வீட்டின் முன்கூடத்தில் காலை ஆறரைக்கே மனுக் கொடுப்பவர்கள் நிறைந்துவிடுவார்கள். வியர்வை, ஊதுவத்தி, புதிதாகப் பிரித்த வெள்ளைத்தாள் எல்லாம் கலந்த ஒரு வாசம் கூடத்திலேயே தங்கியிருக்கும். அம்மா பள்ளிக்குப் புறப்படும் முன் அந்தக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். யாராவது மனுவை அம்மாவிடம் நீட்டுவார்கள், அய்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி. அம்மா சொல்லமாட்டார். ஆனால் மனுவை வாங்கிப் படிப்பார். கைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, விடுபட்ட தேதியைச் சுழித்து, "கோரிக்கை என்ன என்று முதல் வரியிலேயே எழுதவும்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார்.

"மார்க் போட்டுக் குடுத்துட்டாங்கடா," என்று ஒருவர் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. "வூட்டு வரி கொறைக்கச் சொல்லி வந்தா, எனக்குப் பரீச்சை வைக்கிறாங்க."

ஆனால் அம்மா திருத்திய மனுக்கள் அலுவலகங்களில் திரும்பி வராது. ஊருக்கு அது மெதுவாகத்தான் புரிந்தது.

கோடை விடுமுறையின் நடுவில் ஆசிரியர் இடமாற்றப் பட்டியல் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் படித்தால் புரிவதற்காகச் சொல்கிறேன். புதுச்சேரி அரசில் வேலை பார்ப்பவர்கள், முறை வரும்போது காரைக்காலோ மாஹேவோ ஏனாமோ போய் மூன்று ஆண்டு இருந்துவிட்டு வர வேண்டும். நகரத்தைவிட்டுப் போகாமல் இருக்க மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று நான் தனிப் புத்தகமே எழுதலாம். நெஞ்சுவலி வரும். வயதான மாமியார் திடீரென்று பிரியமானவர் ஆகிவிடுவார்.

அந்த ஆண்டு கணக்குப் பாடத்துக்குக் காரைக்காலில் ஓர் இடம். வரிசையில் முதல் பெயர் அம்மா. அடுத்தது, நாம் எல்லோரும் சின்ன டீச்சர் என்று அழைத்த இளைய கணக்கு டீச்சர். மற்றவர்கள் போய் வந்துவிட்டவர்கள். வெளியான பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை. சின்ன டீச்சரின் பெயர் இருந்தது. அவருக்கு அப்போது நான்கு மாதக் கைக்குழந்தை. கணவருக்கு ஆலையில் ஷிப்டு வேலை.

அம்மா பட்டியலோடு கூடத்துக்கு வந்து அப்பாவின் உதவியாளர் முன்னால் நின்றார். உதவியாளர் தொகுதிக்காரர், எண்ணெய் வழிய வாரிய தலை, நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதுதான் பிரச்சினையே.

"கணக்குக்கு மொதல் பேரு யாரு?"

"நீங்கதான் டீச்சரம்மா. அதாவது, இருந்தீங்க."

"எடுக்கச் சொன்னது யாரு?"

உதவியாளர் சிரித்தார். நன்றியை எதிர்பார்த்த சிரிப்பு. "இதெல்லாம் சொல்லித்தான் செய்யணுமா டீச்சரம்மா?"

என் பணிக்காலத்தில் எத்தனையோ முறைகேடுகளைப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசியின் வேரில் இந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. யாரும் உத்தரவிடவில்லை, யாரும் கேட்கவில்லை, ஒருவர் மரியாதைக்குச் செய்தார்.

அன்று மாலை, மனுக்காரர்கள் இருக்கும்போதே, அம்மா அப்பாவிடம் கேட்டார். "என் பேர எடுக்கச் சொன்னது நீங்களா?"

அப்பா உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார். கூடத்தில் இருபது பேர் அப்பாவைப் பார்த்தார்கள்.

"ஆமா, நான்தான் சொன்னேன். இன்னா இப்போ?"

அந்தப் பத்து வயதில் நான் அதை நம்பினேன். இன்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கு அந்த நிமிஷம்வரை எதுவும் தெரியாது. தன் அலுவலகத்தில் நடந்தது தனக்கே தெரியாது என்று இருபது ஓட்டுகளுக்கு முன்னால் சொல்வதைவிட, மனைவிக்காகத் தெரிந்தே தப்புச் செய்தேன் என்று சொல்வது ஓர் அரசியல்வாதிக்கு எளிது. முதலாவது மானக்கேடு, இரண்டாவது குடும்பப் பாசம்.

"சரி," என்றார் அம்மா. "எழுத்துல கேட்டுக்கறேன்."

கேட்டார், உரிய வழியாக. அதாவது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதிய கடிதம் தலைமையாசிரியைக்குப் போனது, அங்கிருந்து ஆய்வாளர், இயக்குநர், செயலர் என்று ஏறி, ஒரு கோப்பாகத் திரண்டு, தகரப் பெட்டிக்குள் படுத்து, டவாலியின் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. மேசையிலிருந்து அப்பாவின் மேசைக்குப் பன்னிரண்டு அடி. கடிதம் எடுத்துக்கொண்டது பதினோரு நாள்.

அந்த டவாலி பிரெஞ்சுக்காரர் காலத்து ஆள். காக்கிச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை. பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, நாள் தவறாமல் அம்மாவுக்குப் பிரெஞ்சில் ஒரு மாலை வணக்கம், "போன்சுவார் மதாம்" வைப்பார். அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, "மதாம், உங்க கடுதாசி உள்ள இருக்குது," என்றார்.

அப்பா படித்தார். கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் "பேசவும்" என்று எழுதினார். கோப்பு எழுதத் தெரியாத அமைச்சர்களைக் காப்பாற்றுவதற்கென்றே உண்டான சொல் அது. ராத்திரிச் சாப்பாட்டில் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"பேசவும்னு எழுதியிருக்கேன் டீச்சர்."

"அது இயக்குநருக்கு எழுதினது. எனக்கில்ல. கொழம்பு ஊத்தவா?"

வீட்டில் அலுவலகம் பேசக்கூடாது என்பது அம்மாவின் விதி. அப்பா அமைச்சரான அன்றைக்கே சுவரில் ஆணி அடித்து மாட்டாத குறையாகச் சொல்லியிருந்தார். தன் விதியில் தானே மாட்டிக்கொண்டபோதும் அவர் அதைத் தளர்த்தவில்லை.

இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மாவைக் காரைக்காலுக்கு அனுப்பலாம், "சொந்த வேண்டுகோளின் பேரில்." எல்லோருக்கும் மரியாதை. பட்டியல் தப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது. அம்மா சொந்த விருப்பத்தில் போனால் அது முறைப்படி போனதாகக் கணக்கில் வராது. பட்டியல் அப்படியே நிற்கும். சின்ன டீச்சரும் போயாக வேண்டும்.

அம்மா இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்த அன்று சின்ன டீச்சரே குழந்தையோடு வீட்டுக்கு வந்தார். குழந்தையிடம் வசம்பு வாசம். அது என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"விட்டுடுங்க டீச்சர். நான் போய்த் தொலையறேன். என்னால உங்க வூட்ல சண்ட எதுக்கு?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போனா அது உன் முற இல்ல, என் முற. உன் புள்ளைக்கு நாலு மாசம். என் பொண்ணுக்குப் பத்து வயசு. அவளா தலை பின்னிக்குவா."

எனக்குத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. அம்மாவுக்கும் அது தெரியும். அந்த ஒரு வாக்கியத்தில் என்னை அந்தக் குழந்தைக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டதாக எனக்குப் பட்டது. விரலை உருவிக்கொண்டேன். குழந்தை அழுதது. அழட்டும் என்று நின்றேன்.

இரண்டாவது கடிதம் மேலே போய்வரும்வரை சின்ன டீச்சரைப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டாம் என்று தலைமையாசிரியை நிறுத்திவைத்திருந்தார். ஆனால் பள்ளி திறக்கும் நாள்வரைதான். அதற்குள் உத்தரவு வராவிட்டால் பட்டியல்படி அனுப்பியே ஆக வேண்டும். பள்ளி திறப்பது திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, தகரப் பெட்டி வந்தது.

டவாலி "போன்சுவார்" சொன்ன தொனியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா யாரையோ வழியனுப்ப வாசலுக்குப் போயிருந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். மேலாக இருந்தது, பழுப்பு உறையில் மெலிந்த கோப்பு, அம்மாவின் பெயர் போட்டது. எடுத்துச் சுருட்டினேன். பாவாடைக்குள் சொருகிக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன்.

பின்னறையில் அப்பாவின் கூம்பு ஒலிபெருக்கி இருந்தது. சங்கக் காலத்திலிருந்து அவரோடு வந்தது. வெள்ளிப் பூச்சு உரிந்து, ஓரத்தில் நசுங்கி, உள்ளே எட்டிப் பார்த்தால் துருவும் தூசியும் மணக்கும். எல்லோரும் அதைக் குழாய் என்போம். அதன் வாய்க்குள் கோப்பைத் திணித்து, நடுவில் இருந்த சின்னக் கூம்புக்குப் பின்னால் கை போகும்வரை தள்ளினேன். ஊருக்கெல்லாம் சத்தமாகப் பேசும் பொருள், இதை மட்டும் சொல்லாது என்று நினைத்தேன்.

தோழிகளே, இப்போது வருவதுதான் நம் ஊரில் மட்டும் நடக்கக்கூடியது. அமைச்சர் வீட்டிலிருந்து ஒரு கோப்பு காணாமல் போனால் என்ன ஆக வேண்டும்? காவல்துறை வர வேண்டும். டவாலிக்கு வேலை போக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை உதவியாளர் கோப்புகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. எது என்று அவருக்கு உடனே தெரிந்தது. அமைச்சர் அதைக் கிடப்பில் போட்டிருக்கிறார் என்று முடிவு செய்து, மரியாதையாக மௌனம் காத்தார். செயலகத்தில் கேட்டவர்களிடம் "அய்யா பார்வையில் இருக்குது," என்றார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். திருடிய கோப்புக்கும் கிடப்பில் போட்ட கோப்புக்கும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்பாவோ, கோப்பு வராததால், அம்மா இரண்டாவது கடிதம் எழுதவே இல்லை, மனம் மாறிவிட்டார் என்று நினைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். சும்மா சும்மா "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டார். அம்மாவுக்கு ஒரு முழம் அதிகமாகவே மல்லிகை வந்தது. அம்மாவோ, தன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இவர் இப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்தார். மீனை அவர் தொடவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். நடுவில் நான் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டு, காரியம் ஜெயித்துவிட்டதென்று இருந்தேன்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. உத்தரவு வரவில்லை. மதியத்துக்குள் சின்ன டீச்சரை விடுவித்துவிட்டார்கள். மறுநாள் காலை, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, பால் புட்டியும் பாத்திர மூட்டையுமாக அவர் காரைக்கால் பஸ் ஏறினார் என்று நம் வகுப்பிலேயே பேச்சு. அடித்த வெயில் உங்களுக்கும் நினைவிருக்கும், கரும்பலகையே சுட்ட ஆண்டு அது. நான் அன்று வாய்ப்பாடு ஒப்பித்தபோது பதினேழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏழு நாள் கழியாமல் நினைவூட்டுக் கடிதம் அனுப்பக்கூடாது என்பது அம்மாவின் இன்னொரு விதி. எட்டாம் நாள் சனிக்கிழமை மாலைப் பெட்டியில் அது வந்து சேர்ந்தது, தலைமையாசிரியை நேரே செயலகத்துக்கு ஆளிடமே கொடுத்து அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய்க் குளியல் முடித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா அதைப் பிரித்தார்.

"நினைவூட்டு ஒன்று. பார்வை: எனது இரண்டாம் கடிதம்..." சத்தமாகப் படித்தவர் நிறுத்தினார். விதியையெல்லாம் மறந்து அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். "எந்தக் கடுதாசி? ரெண்டாவது கடுதாசியே வரலியே!"

அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "வெள்ளிக்கெழம வந்துச்சி. டவாலி சொன்னாரு."

"வந்தா நான் பார்க்க மாட்டேனா?"

"பாத்துட்டுதான வஞ்சிரம் வாங்கிட்டு வந்தீங்க?"

உதவியாளரைக் கூப்பிட்டார்கள். அவர் வெளிறிப்போய், "நீங்கதான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் அண்ணே," என்றார். டவாலியை வரச் சொல்லி ஆள் போனது. ஓய்வுக்கு இன்னும் ஓர் ஆண்டு இருந்தது அவருக்கு. கோப்பு அவர் கையில் தொலைந்தது என்றால் பென்ஷன் என்ன ஆகும் என்று உதவியாளர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் நழுவிப் பின்னறைக்கு ஓடினேன், எடுத்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடலாம் என்று.

குழாய் இல்லை. அது இருந்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம்தான் இருந்தது.

அன்று மாலை கருவடிக்குப்பத்தில் கட்சிக் கூட்டம். காலையிலேயே மைக்செட்காரர் வந்து தூக்கிப் போயிருந்தார்.

திரும்பி நடந்து வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அப்பா கையை ஓங்கினார். அம்மா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "மொதல்ல கோப்பு," என்று மட்டும் சொன்னார். அப்பா என்னைக் காரில் தள்ளினார். அம்மா ஏறவில்லை, அரசு வண்டி என்பதால்.

கருவடிக்குப்பத்தில் சவுக்குக் கம்பத்தின் உச்சியில் குழாயைக் கட்டிவிட்டிருந்தார்கள். "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று சோதித்துக்கொண்டிருந்தார் மைக்செட்காரர். குழாய் ஜலதோஷம் பிடித்தவன் போலப் பேசியது. அமைச்சர் ஐந்து மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாரே என்று ஜனம் கூடியது. ஒருவர் மாலையைத் தேடி ஓடினார்.

"எறக்குப்பா அத."

"அண்ணே, பழைய கொழா இல்லியா, மூக்கடைச்சிப் பேசுது. கூட்டத்துக்குள்ள சரியாயிடும்."

"எறக்குன்னா எறக்கு!"

ஏணி போட்டு இறக்கினார்கள். மைக்செட்காரர் கையை விட்டுத் துழாவி, கசங்கிய பழுப்புச் சுருளை உருவினார். "இன்னாண்ணே, கொழாய்க்குள்ள குடும்ப அட்ட வச்சிருக்கீங்க?" கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. கம்பத்து நிழலில் நின்றபடியே கடிதத்தை விரித்துப் படித்தார். நான் எட்டிப் பார்த்தேன். கையெழுத்து, கரும்பலகையில் எழுதுவது போலவே நேர்க்கோட்டில் இருந்தது.

நான் வேண்டுகோள் வைக்கவில்லை, பிழையைத்தான் சுட்டிக்காட்டினேன் என்பது முதல் பத்தி. என் பெயரை உரிய இடத்தில் சேர்த்து, தவறாகச் சேர்த்த பெயரை நீக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது இப்படி முடிந்தது: "என் பெயர் நீக்கப்பட்டது மாண்புமிகு அமைச்சரின் கவனத்துக்கு வராமலே நடந்தது என்பதை நான் அறிவேன். அதை எழுத்தில் உறுதிசெய்ய எனக்குத் தயக்கமில்லை."

அப்பா அந்தப் பத்தியை மறுபடி படித்தார். இருபது பேர் முன்னால் அவர் சொன்ன பொய்யை அம்மா அந்த நிமிஷமே கண்டுகொண்டிருக்கிறார். இத்தனை வாரமும் கண்டுகொள்ளாதவர் போல இருந்திருக்கிறார்.

"உங்கம்மாவுக்கு எப்பிடித் தெரிஞ்சிது?" என்று என்னைக் கேட்டார், கோபமில்லாமல்.

"அம்மா கணக்கு டீச்சர்ப்பா," என்றேன்.

கார் முகப்பின் மேல் கோப்பை வைத்து, பச்சைப் பேனாவை எடுத்தார். வெயிலில் சுட்ட தகட்டில் முழங்கை படாமல் தூக்கிக்கொண்டே எழுதினார். "பட்டியலில் பிழை நேர்ந்துள்ளது. திருத்துக." கீழே கையெழுத்து. அவர் அமைச்சராக இருந்த காலத்தில் இயக்குநரைக் கேட்காமல், "பேசவும்" போடாமல், தானே எழுதிய ஒரே ஆணை அது என்று பிற்பாடு செயலகத்தில் வேலை பார்த்தபோது நான் தெரிந்துகொண்டேன்.

அடி விழவில்லை. ஆனால் அம்மா அன்று மாலையே தாள் கொடுத்து என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார். "அப்பாவுக்கு" என்று தொடங்கினேன். அடித்துவிட்டு "பெறுநர்: கல்வி அமைச்சர்" என்று எழுதச் சொன்னார். "அம்மா போகக்கூடாது என்பதற்காக எடுத்தேன். டவாலி எடுக்கவில்லை." அவ்வளவுதான் எழுத வந்தது. அப்பா ஓரத்தில் "பார்த்தேன்" என்று எழுதித் தேதி போட்டார். என் அரசுப் பணி அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அம்மா புறப்பட்ட காலை, கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அப்பாவும் ரிக்‌ஷாவில் பஸ் நிலையம் வந்தார். காரைக்கால் பஸ் நுழைந்ததும் கூட்டம் மொய்த்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியாகத் தன் கட்சித் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். அம்மா ஏறி, துண்டை மடித்து வெளியே நீட்டினார்.

"இந்த ஒரு சிபாரிச ஏத்துக்கறேன்."

"சனிக்கெழம வருவியா டீச்சர்?"

"லீவு குடுத்தா வருவேன். ஊர விட்டுப் போக அனுமதி வாங்கணும்."

பணியில் சேரும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்னையும் அதே பஸ்ஸில் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு என் தலையைப் பக்கத்து வீட்டு அக்காதான் பின்னினார், கோணலாக.

ஊர் என்ன பேசியது என்று உங்களுக்கே தெரியும். பேசியவர்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் உண்டு. மந்திரி பொண்டாட்டியைத் துரத்திவிட்டார் என்றார்கள். வேறு வீடு வைத்திருக்கிறார் என்றார்கள். ஆட்சி அடுத்த மழைக்குக்கூடத் தாங்கவில்லை. தேர்தலில் எவனோ மேடைக்குக் கீழிருந்து, "பொண்டாட்டியக் காரைக்காலுக்கு அனுப்பிட்டு யாருக்கு ஓட்டுக் கேக்கற?" என்று கத்தினான். "அவங்களா போனாங்க. நான் கையெழுத்துதான் போட்டேன்," என்றார் அப்பா. அவர் மேடையில் பேசியதிலேயே முழு உண்மை அதுதான். ஒருவரும் நம்பவில்லை. தோற்றார். பிறகு முன்கூடத்தில் மனுக்காரர்கள் வரவில்லை. அம்மா மூன்று ஆண்டையும் முழுதாக முடித்துவிட்டுத்தான் திரும்பினார். ஒரு நாள் முன்னதாக வரச் சலுகை இருந்தது, அதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே "இடையறாது" என்று போடாதீர்கள். மந்திரி மனைவி என்பதால் ஊரைவிட்டு அசையாமல் இருந்தார் என்று அந்தச் சொல் சொல்கிறது. அசைவதற்காக அவர் அரசாங்கத்தோடும் வீட்டோடும் ஒரே மேசையில் போராடினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் அம்மாவுக்கு நல்ல பெயராக முடிந்திருக்கும். ஆனால் காரைக்கால் பள்ளியில் நடந்த ஒன்று மிச்சம் இருக்கிறது.

சின்ன டீச்சர் பள்ளிக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். ஓட்டுக்கூரை, காற்றில்லை. குழந்தையின் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு சிவந்து கிடந்தது. என் விரலைப் பிடித்த அதே கை, இப்போது எதையும் பிடிக்காமல் தளர்ந்திருந்தது. அம்மா உத்தரவை நீட்டியதும் அவர் நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"பத்து நாள் டீச்சர்," என்றார் அவர். "உங்க வூட்டுச் சண்டயில என் புள்ள பத்து நாள் இப்பிடிக் கெடந்துச்சி. மொதல்லயே ஒரு கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தப்பு எங்க வீட்டுதுதான்," என்றார். "மன்னிச்சிடு." குழந்தையை வாங்கி, தன் முந்தானையால் விசிற ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நான்தான் பண்ணேன்னு ஏம்மா சொல்லல?"

"உன் வெளக்கத்த உங்கப்பா பாத்துட்டாரு. அந்தக் கோப்பு முடிஞ்சிது."

யாருடைய தப்பையும் யாருடைய கணக்கிலும் மாற்றி எழுத விடாத அம்மா, என் தப்பை மட்டும் தன் பெயரில் எழுதிக்கொண்டார். ஒரே ஒரு பிழையைத் தெரிந்தே திருத்தாமல் விட்டார். அதற்காக அவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

சின்ன டீச்சர் இப்போது மூலக்குளத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றும், விழாவுக்கு அழைத்து வருகிறீர்கள் என்றும் அறிகிறேன். அந்த மகளின் கழுத்தில்தான் அன்று வேர்க்குரு இருந்தது. முடிந்த கோப்பை மீண்டும் திறக்க விதியில் இடம் உண்டு, புதிய சாட்சியம் கிடைத்தால். சாட்சியம் நானே. எனவே பதினான்காம் பக்கத்தில் பின்வருமாறு அச்சிடக் கோருகிறேன்:

"இவர் நம் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகப் பணியாற்றினார். இடையில் மூன்று ஆண்டு, தம் முறைப்படி, தாமே வற்புறுத்திக் காரைக்கால் சென்றார். அவர் செல்வதில் ஏற்பட்ட தாமதத்துக்கும், அதனால் இன்னோர் ஆசிரியையும் அவர் குழந்தையும் பட்ட துன்பத்துக்கும் காரணம் அமைச்சர் அல்லர், அரசும் அல்ல. இவருடைய மகள்."

இதில் ஒரு சொல் குறைந்தாலும் நினைவூட்டு வரும். ஏழு நாள் கழித்து, உரிய வழியாக.